நாற்றம் நின்ற தொட்டி

போன மாதம் தாம்பரத்தில் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். குடியிருப்புகளிலும் தொழிற்சாலைகளிலும் கழிவுநீர் நிலையம் பார்க்கிறவர்கள் கூடிய கூட்டம். புதிதாக வந்திருக்கும் சல்லடை இயந்திரம் ஒன்றை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் பல்வரிசை தானாக மேலே ஏறிக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் தோளில் ஒரு சால்வையைப் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "அம்மா, அஞ்சு நிமிஷம்" என்றார்கள். இருபத்தேழு வருடத்தை ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது? வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

படியிறங்கும்போது ஒரு ஆபரேட்டர் பக்கத்தில் வந்து கேட்டார். "அக்கா, தொட்டில ஒரு ஆளு செத்தப்போ நீங்கதான் மேல இருந்தீங்களாமே, இன்னா ஆச்சு?"

அவருக்கு அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். பொழிச்சலூரில் எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரம்மா பிழைகளைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். விஷயத்தில் கை வைக்கவில்லை.

பம்மல் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. டேனரி என்போம். பெயர் வேண்டாம். அது மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. தோல் காயப்போடும் முற்றத்தைப் பெருக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில், கீழே கழிவுநீர்த் தொட்டியில் சல்லடை வாருகிற ஆள் வேலையை விட்டுப் போனார். வேறு யாரும் அதற்குப் போக மாட்டேன் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். "பொம்பள தாங்காது" என்று மேஸ்திரி சொன்னார். தாங்கினேன். அந்த மேஸ்திரி மூன்று வருடத்தில் போய்விட்டார். நான் இருந்தேன்.

வேலை என்னவென்றால் இது. தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு மயிரைக் கழற்றி, அமிலத்தில் போட்டு, குரோமில் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் வெளியே வரும். அந்தத் தண்ணீர் மூன்று கால்வாய்களில் கீழே வரும். கால்வாயின் வாயில் முதலில் விரல் இடைவெளிக் கம்பிச் சல்லடை. அதில் சவ்வு, கொழுப்பு, வால் துண்டு, காது எல்லாம் நிற்கும். அதற்குப் பின்னால் ஓட்டையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமான வலை. அதில் மயிர் நிற்கும். அவற்றைத் தாண்டி வருகிற தண்ணீர் தொட்டியில் சேர்ந்து, மோட்டார் வழியாகச் சுத்திகரிக்கப் போகும். சல்லடையில் நின்றதை நீளக் கம்பு போட்ட இரும்பு வாரியால் வாரி, ஓட்டைத் தகட்டில் போட்டு வடியவிட்டு, வடிந்த பிறகு தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். ஈரத்தோடு ஏற்றினால் தெருவெல்லாம் ஒழுகும்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் சூப்பர்வைசர் கபூர் பாய். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு அவரை நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நாள் முழுக்க நின்று, ஒரு சொட்டுப் படாமல் வீட்டுக்குப் போவார். குரல் உயராது. என்னை விட இருபது வயது மூத்தவர். ஆனால் துப்புரவு செய்கிறவர்கள் வரை எல்லாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் நான் வாரியை வைத்து அழுத்தியதைப் பார்த்துவிட்டு வந்தார். வாரியை என் கையிலிருந்து வாங்கி, தானே இரண்டு தடவை வாரிக் காட்டினார்.

"அம்மா, தள்ளாதீங்க. கீழ இருந்து மேல இழுங்க. தள்ளினீங்கன்னா கம்பிக்கு அந்தாண்ட போயிடும். அப்புறம் மோட்டாரு போய் அதத் தின்னும். தின்னுட்டு நம்மள திட்டும்."

சல்லடை பாதி அடைவதற்குள் வார வேண்டும். முழுக்க அடையவிட்டால் தண்ணீர் பின்னால் ஏறி, அந்தக் கனத்தில் குப்பையைக் கம்பிக்குள் நெருக்கித் தள்ளிவிடும். அதனால் மணி பார்த்து வாரக் கூடாது, தண்ணீரைப் பார்த்து வார வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது.

கால்வாய்களுக்குத் தகரத்தில் பெயர் எழுதி ஆணி அடித்திருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. பால் மாதிரி வெள்ளையாக வந்தால் சுண்ணாம்புத் தண்ணீர். மயில் கழுத்து நிறத்தில் வந்தால் குரோம் தண்ணீர். தெளிவாக வந்தால் கழுவுநீர். வாசனையிலும் தெரியும். ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மோட்டார் பார்க்கிற ஏழுமலை என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பான்.

"யக்கா, உன் மூக்க இன்சூர் பண்ணி வெச்சுக்கோ. அது போச்சுன்னா கம்பெனிய மூட வேண்டியதுதான்."

"உன் வாய இன்சூர் பண்ணுடா. அதான் மொதல்ல தேயப் போவுது" என்பேன்.

எனக்குத் தம்பி இல்லை; ஏழுமலைதான் தம்பி. ஆறு வருடம் ஒரே தொட்டியில் வேலை பார்த்தோம். அவன் பெண்டாட்டி கஸ்தூரி கொடுத்தனுப்பும் குழம்பில் பாதி எனக்கு. அவனுடைய சொந்தத் தம்பி சேகரும் மேலே, பெரிய உருளைகளில் தோலைப் போட்டுச் சுற்றும் டிரம் ஹாலில் தோல் ஏற்றும் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தான். கல்யாணம் ஆகாதவன். அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லை.

கபூர் பாய் திங்கட்கிழமைதோறும் எங்களைத் தொட்டி ஓரத்தில் நிற்க வைத்து ஒரே பேச்சைப் பேசுவார். வெள்ளைத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே தொட்டியில் சேரக் கூடாது. அதனால்தான் அமிலத் தண்ணீர் தனிக் குழாயிலும் குரோம் தண்ணீர் அதன் கால்வாயிலும் வேறொரு தொட்டிக்குப் போகும். சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனம், பள்ளத்திலேயே படுத்துக் கிடக்கும்.

"அந்த நாத்தம் வந்தா நகந்து நில்லுங்க. வந்த நாத்தம் பட்டுனு நின்னுச்சுன்னா, அப்பாடான்னு நெனைக்காதீங்க. ஓடுங்க. நின்னது நாத்தம் இல்ல, நம்ம மூக்கு."

எத்தனை திங்கட்கிழமை கேட்டிருப்போம்! அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு படியேறியதும், "நின்னது இன்னா?" என்பான் ஏழுமலை. "மூக்கு!" என்று எல்லாரும் கத்துவோம். சிரிப்போம். நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அன்று காலையிலிருந்தே மாட்டுத் தோல். மயிர் வலையைத் தாண்டிக்கொண்டு வந்தது. உச்சி நேரத்தில் மோட்டார் சத்தம் மாறிவிட்டது. தண்ணீர் ஏறவில்லை. தொட்டியின் அடியில், மோட்டார் குழாயின் நுனியில் கூண்டு மாதிரி ஃபுட்வால்வு இருக்கும். அதில் மயிர் சுற்றிக்கொண்டால் ஆள் இறங்கிக் கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டும். அப்போதெல்லாம் அப்படித்தான். இடுப்பில் கயிறு கட்டி இறங்க வேண்டும் என்று விதி உண்டு. கயிறும் உண்டு, ஆணியில் தொங்கும். கபூர் பாய் நின்றால் கட்டுவோம்.

அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். போகும்போது வழக்கம்போல், "நான் வர்ற வரைக்கும் யாரும் உள்ள இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டால் தொட்டி நிரம்பித் தெருவுக்குப் போய்விடும். போன தடவை அப்படிப் போனபோது தெருக்காரர்கள் வாசலில் வந்து நின்று பேசியது எங்களுக்கு மறக்கவில்லை.

"யக்கா, பாய் வர்றதுக்குள்ள முடிச்சிர்லாம். பத்து நிமிசம்" என்றான் ஏழுமலை.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆள் இறங்குவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அது எந்த விதியிலும் இல்லை, நாங்களே ஏற்படுத்தியது. சுண்ணாம்புத் தண்ணீர் உடம்பை அரித்துவிடும். தொடையெல்லாம் வெந்துபோகும். அதனால் சுண்ணாம்புக் கால்வாயைக் கொஞ்ச நேரம் அடைத்து, நெடுநேரம் தாங்காத சின்ன மோட்டாரை வைத்துத் தொட்டியை முழங்கால் அளவுக்கு இறக்கி, கழுவுநீர்க் கால்வாயின் அடைப்புப் பலகையைத் தூக்கி, தெளிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் விடுவோம். காரம் குறையும். இறங்குகிறவனுக்கு அது ஒரு உபகாரம். பலகையைத் தூக்குவது எப்போதும் என் வேலை. அன்றும் நான்தான் தூக்கினேன். தண்ணீர் தெளிவாக வந்தது. கண்ணாடி மாதிரி.

மேலே டிரம் ஹாலில் அமிலத் தண்ணீர் போகும் குழாய் உடைந்திருக்கிறது. அதை யாரோ கழுவுநீர்க் கால்வாயில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கீழே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமிலத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும்.

நாற்றம் வந்தது. டேனரியில் நாற்றம் வருவது அதிசயமா? ஆனால் இது அடித்துத் தள்ளியது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இருடா, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். ஏழுமலை ஏணியில் இரண்டு படி இறங்கி நின்றான். தொட்டி என் உயரத்துக்கு இரண்டு ஆள் ஆழம். பிறகு தலை விளிம்புக்குக் கீழே போகிற அளவுக்கு இறங்கி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சொன்னான்.

"இப்ப நாத்தம் போயிடுச்சுக்கா. தண்ணி வுட்டது நல்லதாப் போச்சு."

எனக்கு மேலே நாற்றம் இருந்துகொண்டே இருந்தது. அவனுக்கு நின்றுவிட்டது. அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறுவதற்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. "ஏறுடா! மேல ஏறுடா!" என்று நான் கத்தும்போது அவன் கை ஏணியில் இல்லை. சத்தமே போடவில்லை. மூட்டை விழுவது போல் விழுந்தான்.

நான் போட்ட கூச்சலில் மேலேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் சேகர். அவன் பின்னால் இரண்டு பேர். சேகர் எட்டிப் பார்த்தான். "அண்ணா!" என்றான். ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான்.

அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துத் தள்ளினேன். அவன் எழுந்து வருவதற்குள் ஏணியைப் பிடித்தேன். மூங்கில் ஏணி. வெறி வந்தால் பொம்பளைக்கும் கனக்காது. உருவி எடுத்து, பக்கத்திலிருந்த பெரிய குளம் மாதிரியான தொட்டிக்குள் வீசிவிட்டேன். அது மிதந்து நடுவில் போய் நின்றது. யாரும் எடுக்க முடியாது.

"யே கெய்வி! இன்னாடி பண்ற? என் அண்ணன் உள்ள கீறான்!"

"நீ எறங்குனா உன்ன யாரு எடுக்கறது? உன்ன எடுக்க இவன் எறங்குவான், இவன எடுக்க அவன் எறங்குவான். நாலு பொணம் வோணுமா உங்கம்மாவுக்கு?"

அவன் குதிக்கப் போனான். நான் மற்ற இரண்டு பேரையும் பார்த்து, "புடிங்கடா அவன! ஃபேனக் கொண்டாங்க, ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணுங்க!" என்று கத்தினேன். ஒருவன் சேகரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஒருவன் ஓடினான். அவர்கள் பிடிப்பார்கள் என்று நானே நம்பவில்லை. பிடித்தார்கள்.

பிறகு நான் வாரியை எடுத்தேன். தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து, முகத்தை வெளிப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, வாரியை உள்ளே விட்டேன். பார்க்காமலே தேடினேன். தினமும் இருபது தடவை கம்பியில் மாட்டிய வால் துண்டை எடுக்கிற கைக்கு ஒரு ஆளின் பெல்ட் தெரியாதா? மாட்டியது. தூக்கி எடுக்க முடியவில்லை. பலம் போதவில்லை. முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது. கீழேயிருந்து இழுத்து மேலே கொண்டுவரத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று ஒன்றை மேலே கொண்டுவர முடியவில்லை.

கபூர் பாய் தலையில் தொப்பியோடு ஓடி வந்தார். டிரம் ஹாலின் பெரிய காற்றாடியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, தொட்டிக்குள் காற்றை அடித்தார். பிறகு என் பக்கத்தில் அந்த வெள்ளைச் சட்டையோடு சேற்றில் படுத்து, வாரிக் கம்பின் பாதியை அவர் பிடித்துக்கொண்டார். முகமூடி போட்ட தீயணைப்புக்காரர்கள் வந்து ஏழுமலையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

ஏழுமலையின் சவ எடுப்பு அன்று சேகர் தெரு நடுவில் நின்று கத்தினான். "ஏணிய எடுத்துத் தூரப் போட்டாளே! என் அண்ணன் கைய நீட்டிக்கினு கிடந்தான், இவ ஏணிய எடுத்தாளே!" ஏழுமலை கையை நீட்டவில்லை. விழுந்ததிலிருந்து ஒரு அசைவு இல்லை. ஆனால் அதைச் சொல்ல அது இடம் இல்லை. பெண்கள் என்னை விலகி நின்று பார்த்தார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு, கடைசி வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வந்தேன். நடுவில் போயிருந்தால் அவன் சொன்னது உண்மை என்று ஆகியிருக்கும்.

ஒரு வாரத்தில் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். டிரம் ஹால்காரர்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. "பலகையைத் திறந்தது யாரு?" என்றார்.

"நான் சார்" என்றேன்.

அவர் எழுதத் தொடங்கினார். கபூர் பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார். அன்றும் குரல் உயரவில்லை.

"சார், அவங்க தொறந்தது கழுவற தண்ணி. அதுல ஆசிட் வருதுன்னு கீழ சொல்லாதது மேல இருக்கிறவங்க. ஆள் வெச்சு அந்த எடத்தப் பூட்டாமப் போனது நான். எழுதுறதுன்னா இந்த வரிசைல எழுதுங்க."

அதிகாரி அந்த வரிசையில் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அந்த எழுத்தைப் படிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது படிப்பு வராது.

அதற்குப் பிறகு கபூர் பாய் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, எனக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். எழுத்தே இல்லாத புத்தகம், மஞ்சள் காகிதக் கீற்றுகள். தண்ணீரில் தொட்டால் அமிலத்துக்குச் சிவக்கும், சுண்ணாம்புக்கு நீலமாகும். எந்தப் பலகையைத் தூக்குவதாக இருந்தாலும் முதலில் காகிதம். தெளிவாக இருக்கிறது என்று கண் சொன்னால் போதாது. அதற்குப் பின் நான் இருந்த பத்தொன்பது வருடமும் காகிதம் தொடாமல் ஒரு பலகையைத் தூக்கியதில்லை.

இன்னொன்று நான் சொல்லி அவர் செய்தது. ஆள் எதற்கு ஃபுட்வால்விடம் போக வேண்டும்? ஃபுட்வால்வு ஆளிடம் வரட்டும் என்றேன். குழாயின் அடிப்பகுதியை வளைகிற ரப்பர் குழாயாக மாற்றி, கூண்டுக்குச் சங்கிலி போட்டு, மேலே கப்பி வைத்து, கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்துக்கொள்ளலாமே என்று தரையில் கரிக்கட்டியால் போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அதைப் பார்த்தார். "இத முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்றார். யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. பத்து நாளில் சங்கிலி வந்தது. அந்தத் தொட்டிக்குள் அப்புறம் ஒரு ஆள் இறங்கவில்லை. இப்போது வரும் இயந்திரங்களைப் பெரிதாகப் பேசுகிறார்கள், பேசட்டும். எங்கள் கப்பிக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

அந்த நாளில் இரண்டு காரியம் செய்தேன். பலகையைத் தூக்கினேன், ஏணியை எடுத்தேன். பலகைக்கு நான் இன்றும் தலை குனிவேன். கஸ்தூரியிடம் நேராகப் போய், அவள் வீட்டு வாசலில் நின்று, அதைச் சொல்லியும் விட்டேன். அவள், "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள். ஏணிக்கு மட்டும் நான் குனிய மாட்டேன். யார் கேட்டாலும் குனிய மாட்டேன்.

சேகர் டேனரி வேலையை விட்டு, தண்ணீர் லாரி ஓட்டப் போனான். கல்யாணம் ஆயிற்று. இரண்டு பெண்கள். பம்மல் மெயின் ரோட்டில் எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். போன தை மாதம் அவன் மூத்த பெண்ணுக்குப் படப்பையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பத்திரிகையைக் கஸ்தூரி கொண்டுவந்தாள். "அவன் குடுக்கச் சொல்லல. நான் குடுக்கறேன். வா" என்றாள்.

போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் சேகர் பட்டு வேட்டியில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். முடி நரைத்துவிட்டது. நான் படியேறியதும் கும்பிட்ட கையை இறக்கினான். எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து, "வாங்க மச்சான்!" என்றான்.

நான் உள்ளே போய் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்தும் உடனே கிளம்பவில்லை. ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்காரரிடம் சண்டை போட்டான். ரசம் ஆறிப்போச்சு என்று கத்தினான். சம்பந்தியைக் கட்டிப் பிடித்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். யாரோ தோளில் தட்ட, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். இரண்டு முறை என் பக்கம் பார்த்து, இரண்டு முறையும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான்.

சுளிக்கட்டும். அந்த முகம் சுளித்துக்கொண்டிருப்பதற்குத்தான் அன்று ஏணியை எடுத்தேன். மூன்றாவது பந்தி முடியும் வரை இருந்துவிட்டு, கஸ்தூரியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.